மவுன்டன் சைக்கிள் வாங்கும் முன் உள்காலை அளந்துகொள்ளுங்கள்

சைக்கிள் வாங்கப் போகிறவரிடம் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "26-ஆ, 29-ஆ?" என்பதுதான். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அதுதான் வண்டியின் அளவு என்று நினைப்பு. அது சக்கரத்தின் அளவு. ஓட்டுகிறவரின் உடம்புக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஃப்ரேம் என்பது வண்டியின் குழாய்க்கூடு; ஒரே 29 அங்குலச் சக்கரத்தில் 15 அங்குல ஃப்ரேமும் வருகிறது, 21 அங்குல ஃப்ரேமும் வருகிறது. முதல் வண்டியில் சுகமாக ஓட்டுகிறவரால் இரண்டாவது வண்டியில் தரையில் கால் ஊன்றவே முடியாது.

நம் பெரியவர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. "என்னிடம் இருப்பது 22 இஞ்ச் வண்டி", "அவர் 24 இஞ்ச் வண்டி ஓட்டுவார், ஆள் உயரம்" என்று அவர்கள் சொன்னது ஃப்ரேமின் அளவைத்தான். இரண்டு வண்டிக்கும் சக்கரம் ஒன்றே, 28 அங்குலம். அப்பாவின் 22 இஞ்ச் வண்டியை எட்டு வயதில் ஓட்டப் பழகியவர்கள் சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே போகும் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டதும் ஃப்ரேம் எட்டாத காரணத்தால்தான். சீட்டை எவ்வளவு இறக்கினாலும் ஃப்ரேம் சின்னதாகிவிடாது என்பதை அந்த வயதிலேயே கால் அறிந்திருந்தது. மவுன்டன் சைக்கிள்கள் வந்தபோது சக்கர எண் முன்னுக்கு வந்து, ஃப்ரேம் எண் மறைந்துபோனது.

மலையே இல்லாத ராமநாதபுரம் கடற்கரையில் மவுன்டன் சைக்கிள் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. ராமேஸ்வரத்தில் நாம் பர்வதம் என்று சொல்கிற கந்தமாதனமே ஒரு மணல்மேடுதான். ஆனால் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் இங்கே கிடைப்பது மணல், உப்பளத்து வரப்பு, பனங்காட்டு ஒற்றையடிப் பாதை, சீமைக் கருவேல முள். தடித்த டயரும் நேரான அகலக் கைப்பிடியும் இந்த மண்ணுக்குத்தான் பொருத்தம். அதனால் நான் அந்த வண்டியைப் பரிந்துரைக்கவே செய்கிறேன். சரியான ஃப்ரேமில் வாங்குங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

நான் அப்படி வாங்கவில்லை. வெளியூர்க் கடை ஒன்றில் 29 அங்குலச் சக்கரம்தான் மணலுக்கு நல்லது என்றார்கள். அது உண்மையும்கூட. பெரிய சக்கரம் பள்ளத்தையும் மணலையும் எளிதாகக் கடக்கும். ஆனால் கையிருப்பில் இருந்த 29 அங்குல வண்டி 19 அங்குல ஃப்ரேமில் இருந்தது. என் உயரம் 168 செ.மீ. "சீட்டை இறக்கிக்கொள்ளலாம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை உச்சிப்புளியிலிருந்து அரியமான் கடற்கரைக்குப் போனேன். சவுக்குத் தோப்பை ஒட்டி வண்டித் தடம் ஒன்று போகும். சக்கரம் ஓடும் இடம் இறுகிப்போயிருக்கும், இரண்டு பக்கமும் பொடிமணல். முன்சக்கரம் திடீரென்று புதைந்து நின்றது. நின்றால் கால் ஊன்றத்தானே வேண்டும்? ஊன்றிய கால் தடத்துக்கு வெளியே பொடிமணலில் கணுக்கால்வரை இறங்கியது. வண்டியோ இறுகிய தடத்தின்மேல் நிமிர்ந்து நின்றது. கால் இறங்க, பார் இறங்கவில்லை. அந்த அடியின் வலி ஒரு வாரம் இருந்தது. அளவைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

இனி ஃப்ரேமுக்கு வருவோம். வண்டியிலிருந்து சக்கரம், பெடல், சீட், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் மிஞ்சுகிற குழாய்க்கூடுதான் ஃப்ரேம். அதில் சீட் கம்பி நுழைகிற குழாய் ஒன்று இருக்கிறது. பெடல் தண்டுகள் சுழலும் அச்சின் நடுப்புள்ளியிலிருந்து அந்தக் குழாயின் மேல்விளிம்புவரை உள்ள நீளம்தான் வழக்கமாக ஃப்ரேம் அளவு என்று சொல்லப்படுவது. 17 அங்குல ஃப்ரேம் என்றால் அந்தக் குழாய் 17 அங்குலம், அதாவது சுமார் 43 செ.மீ. சில நிறுவனங்கள் குழாயின் உச்சிவரை அளக்காமல், பார் வந்து சேரும் இடத்தின் நடுவரை மட்டும் அளக்கின்றன. அதனால் இரண்டு நிறுவனங்களின் 17 அங்குலம் அப்படியே ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்ற எழுத்துகளும் அப்படித்தான். சட்டையில் ஒரு கடையின் மீடியம் இன்னொரு கடையில் இறுக்கிப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

உயரத்தை மட்டும் வைத்து அளவு சொல்லும் பட்டியல் எல்லாக் கடையிலும் ஒட்டியிருக்கும். தோராயமாக, 158 முதல் 168 செ.மீ. உயரத்துக்கு 15 அல்லது 16 அங்குலம், 168 முதல் 178 வரை 17 அல்லது 18, அதற்கு மேல் 185 வரை 19 அல்லது 20 என்று அது போகும். தொடக்கத்துக்கு இது போதும். முடிவெடுக்க இது போதாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரை அருகருகே நிற்க வைத்துப் பாருங்கள். ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடம்பு நீளம். உட்கார வைத்தால் ஒருவர் அரைத்தலை உயரமாகத் தெரிவார். சைக்கிளுக்குத் தெரிவது உங்கள் காலும் கையும்தான், தலை எங்கே முடிகிறது என்பது அதற்குத் தேவையில்லை.

அதனால் உள்காலை, அதாவது கவட்டிலிருந்து தரைவரை காலின் உட்பக்க நீளத்தை, அளக்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம், இன்னொருவர் உதவி இருந்தால் நல்லது. செருப்பைக் கழற்றிவிட்டு, கைலி வேட்டி இல்லாமல் அரைக்கால் சட்டையோடு, குதிகால் சுவரில் படும்படி நிமிர்ந்து நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி போதும். கெட்டி அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, அதன் முதுகு மேல்நோக்கி இருக்கும்படி தொடைகளுக்கு நடுவே வைத்து மேலே தூக்குங்கள். சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு அழுத்தம் வேண்டும். கூச்சப்பட்டுத் தளர்வாக வைத்தால் இரண்டு செ.மீ. காணாமல் போய்விடும். புத்தகத்தின் ஓரம் சுவரோடு ஒட்டிச் சாயாமல் இருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து கோடுவரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். மூன்று முறை செய்து நடு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பேன்ட் தைக்கும்போது தையல்காரர் எழுதிக்கொண்ட உள்கால் அளவைக் கடையில் சொல்லிவிடாதீர்கள். அது துணிக்கு எடுத்த அளவு, இதைவிடச் சில சென்டிமீட்டர் குறைந்திருக்கும்.

கிடைத்த செ.மீ. எண்ணை 0.226 ஆல் பெருக்கினால் மவுன்டன் சைக்கிளின் ஃப்ரேம் அளவு அங்குலத்தில் வரும். என் உள்கால் 75 செ.மீ. பெருக்கினால் 16.95, ஆக 17 அங்குலம். நான் வாங்கியது 19. என் மச்சானும் என்னைப் போல 168 செ.மீ. உயரம்தான், ஆனால் உள்கால் 79. அவருக்குக் கணக்கு 17.9 சொல்கிறது, ஏறக்குறைய 18. உயரப் பட்டியல் எங்கள் இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தியிருந்தது.

இந்தப் பெருக்கலைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சீட் குழாய் ஏறக்குறைய உள்காலுக்கு ஏற்ற நீளத்தில் செய்யப்பட்ட காலத்தில் பிறந்த கணக்கு இது. கரடுமுரடான இறக்கங்களுக்காகவே செய்யப்படும் புதிய வண்டிகளில் சீட் குழாயை வேண்டுமென்றே குட்டையாக வைத்து, நீளமான சீட் கம்பி போடுகிறார்கள். அங்கே 17 அங்குலம் என்ற எண் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. ஆனால் நம் பக்கம் பெரும்பாலோர் முதன்முதலில் வாங்குகிற, முன்னால் மட்டும் ஸ்பிரிங் வைத்த எளிய வண்டிகளுக்கு இந்தக் கணக்கு இன்றும் கைகொடுக்கும்.

கணக்குப் போட்ட பிறகு கடைக்குப் போய்ச் செய்ய வேண்டியது, பாருக்கு மேலே நிற்பது. வழக்கமாகப் போடுகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு, சீட்டுக்கு முன்னால், பாரின் இருபக்கமும் காலை வைத்து, இரண்டு பாதமும் தரையில் முழுவதும் படும்படி நில்லுங்கள். வண்டியை மேலே தூக்குங்கள். பார் உங்கள் மேல் படுவதற்குள் சக்கரங்கள் தரையிலிருந்து எவ்வளவு எழும்பின என்று உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மவுன்டன் சைக்கிளுக்குக் குறைந்தது 5 செ.மீ. வேண்டும் என்பது பொதுவான விதி. இங்கே ஓட்டுவதற்கு நான் 8 முதல் 10 செ.மீ. கேட்பேன். கடையின் டைல்ஸ் தரையில் காலும் சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அரியமானில் என் கால் இறங்கியது போல, தார்ச்சாலை ஓரத்திலும் வரப்பிலும் சக்கரம் மேலேயும் கால் கீழேயும் இருக்கும். தனுஷ்கோடிச் சாலையில் அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது காற்று மணலைத் தார்மீது வாரிப்போட்டிருக்கும். அங்கே நினைக்காத நேரத்தில் கால் ஊன்ற நேர்கிறது. கடையில் தாராளமாகத் தெரிந்த 5 செ.மீ. அங்கே ஒன்றுமில்லாமல் போகும்.

இதுவரை பேசியது கீழ்ப்பாதி. மேல்பாதியைப் பெரும்பாலான கடைகளில் யாரும் பேசுவதே இல்லை, எனக்கோ அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. சீட் தாழ்ந்திருந்தால் உயர்த்தலாம், உயர்ந்திருந்தால் இறக்கலாம். ஆனால் சீட்டிலிருந்து கைப்பிடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ஃப்ரேம்தான் தீர்மானிக்கிறது. அதை மாற்ற வழி மிகக் குறைவு. நிறுவனங்களின் அளவுப் பட்டியலில் ரீச் என்று ஒரு எண் இருக்கும். பெடல் அச்சிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து கைப்பிடி வந்து பொருந்துகிற முன்குழாயின் உச்சிவரை கிடைமட்டமாக எவ்வளவு தூரம் என்பதே அது. ஸ்டாக் என்பது அதே இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட உயரம். இணையத்தில் வாங்குகிறவர்கள் எழுத்தையோ அங்குலத்தையோ பார்ப்பதைவிட, ஏற்கெனவே ஓட்டிப் பிடித்துப்போன வண்டி ஒன்றின் ரீச்சோடு புது வண்டியின் ரீச்சை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதைவிட நம்பகமான எண்ணை நான் அறியேன்.

கையை நீட்டி அளந்தும் ஒரு குறிப்புப் பெறலாம். சுவரில் முதுகைச் சாய்த்து இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளங்கள். பலருக்கு அது உயரத்துக்குச் சமமாக இருக்கும். உயரத்தைவிட நீளமாக இருந்தால், இரண்டு அளவுகளுக்கு நடுவே தவிக்கும்போது பெரியதை எடுக்கலாம். குட்டையாக இருந்தால் சின்னது.

ரீச் அதிகமானால் என்ன ஆகும் என்பதைப் பாம்பன் பாலத்தில் உணரலாம். 1988-இல் திறந்த சாலைப்பாலம், நீளம் 2 கிலோமீட்டருக்கும் மேல், இருபக்கமும் திறந்த கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது பக்கவாட்டில் வந்து அறையும். கைப்பிடி எட்டாத தூரத்தில் இருந்தால் முழங்கை நேராக விறைத்துக்கொள்கிறது. விறைத்த கை ஒரு கம்பியைப் போல. காற்று தோளைத் தள்ளினால் அந்தத் தள்ளல் அப்படியே கைப்பிடிக்குப் போய் வண்டியைத் திருப்பிவிடும். முழங்கை சற்று மடங்கியிருந்தால் தோள் ஆடும், கைப்பிடி ஆடாது. 19 அங்குல வண்டியில் அந்தப் பாலத்தை நான் கடந்த நாளில் பக்கத்தில் பஸ் போகும்போதெல்லாம் இறங்கி நின்றேன். உள்ளங்கை மரத்துப்போதல், தோள்பட்டையும் பின்கழுத்தும் வலித்தல் இவையெல்லாம் நீண்டுபோன ஃப்ரேமின் அடையாளங்கள். மாறாக, ஃப்ரேம் மிகச் சின்னதாக இருந்தால் திரும்பும்போது முழங்கால் கைப்பிடியில் இடிக்கும், உட்கார்ந்தால் குறுகிக் கூனியது போல இருக்கும்.

கைப்பிடியை ஃப்ரேமோடு இணைக்கும் சிறு துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். அதைக் குட்டையானதாக மாற்றினால் ஒன்றிரண்டு செ.மீ. அருகே வரும். சின்னக் குறைக்கு அது மருந்து. ஒரு முழு அளவு தவறிய ஃப்ரேமை அதனால் சரிசெய்ய முடியாது. சீட்டை முன்னால் தள்ளிக் கைப்பிடியை எட்டிப்பிடிக்கவும் பார்க்காதீர்கள். சீட்டின் முன்பின் நகர்வு முழங்காலுக்கும் பெடலுக்கும் உள்ள உறவைச் சரிசெய்வதற்கு. அதைக் கைக்காகக் குலைத்தால் முழங்கால் பதில் சொல்லும்.

சீட்டின் உயரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை உள்காலின் 0.883 மடங்கு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு இது. 75 செ.மீ. உள்காலுக்குச் சுமார் 66 செ.மீ. டேப் இல்லாவிட்டால் இன்னொரு வழி: சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது தானாகவே தேவையான மடிப்பு கிடைக்கும். சாலையில் இதுதான் சரி. மணல் தடத்தில் இறங்கும்போது இரண்டு மூன்று செ.மீ. இறக்கிக்கொள்வது என் வழக்கம். இந்த உயரத்துக்குச் சீட் கம்பியை இழுத்தால் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரிகிறது என்றால், ஃப்ரேம் உங்களுக்குச் சின்னது. அந்தக் கோட்டைத் தாண்டி ஓட்டினால் குழாயின் வாய் விரிசல் விடலாம், கம்பியே முறியலாம்.

சீட் கம்பி என்றதும் கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கீழக்கரையில் பழுதுபார்க்கும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவரிடம் வண்டியைச் சீட் இறக்கக் கொண்டுபோயிருந்தேன். கிளிப்பைத் தளர்த்தியும் கம்பி அசையவில்லை. அவர் விளிம்பில் எண்ணெய் விட்டு, ஒரு டீ குடித்து வந்து, சீட்டை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல முறுக்கினார். முனகலோடு கம்பி திரும்பியபோது குழாயின் வாயில் வெள்ளை மாவு உதிர்ந்தது. விரலில் எடுத்துக் காட்டினார். "தம்பி, இது உப்பு இல்லை, உங்கள் கம்பி" என்றார். இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி, நடுவே உப்புக்காற்றின் ஈரம். மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, அந்த அரிப்பே கம்பியைக் குழாயோடு பற்றவைத்தது போலப் பிடித்துக்கொள்ளும். இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் அறுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும் என்றார். கம்பியைத் துடைத்துக் கிரீஸ் பூசி நுழைத்துக் கொடுத்தார். சீட்டை உடம்புக்கு ஏற்ப ஏற்றி இறக்க முடியாத வண்டியில் சரியான ஃப்ரேம் இருந்தும் பயனில்லை. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை கம்பியை முழுக்க உருவித் துடைத்துக் கிரீஸ் போடுகிறேன்.

பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் "வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்" என்கிறார்கள். தீபாவளிச் சட்டைக்கு அது சரி. சட்டை தொளதொளவென்று இருந்தால் மடித்துவிடலாம். கால் எட்டாத வண்டியில் பிள்ளைக்கு நிறுத்தத் தெரியாது, பயம் பிடித்துக்கொண்டால் ஓட்டவே மறுக்கும். சிறுவர் வண்டிகள் 16, 20, 24 என்று சக்கர அளவில்தான் விற்கப்படுகின்றன என்றாலும் சோதனை ஒன்றே. சீட்டைத் தாழ்த்தி உட்கார வைத்தால் இரண்டு முன்பாதமாவது தரையில் பட வேண்டும், பிரேக் விரலுக்கு எட்ட வேண்டும். இரண்டு வருடம் கழித்து அந்த வண்டியை அக்கம்பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அடுத்தது வாங்குங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சிலர் சரியாக இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்து நிற்பார்கள். கணக்கு 16.5 என்று சொல்லும், கடையில் 16-ம் 17-ம் இருக்கும். நீண்ட தூரம் தார்ச்சாலையில் மட்டும் போகிறவர் பெரியதை எடுக்கலாம், உடம்பு நீண்டு கிடக்கும், வேகம் பிடிக்கும். இந்தக் கரையில் மணலிலும் வரப்பிலும் ஓட்டப்போகிறவருக்கு என் பதில் சின்னது. அடிக்கடி கால் ஊன்றுகிறோம், அடிக்கடி இறங்கித் தள்ளுகிறோம், காற்றோடு மல்லுக்கட்டுகிறோம். சின்ன ஃப்ரேமில் சீட் கம்பியைக் கொஞ்சம் உயர்த்தி, ஸ்டெம்மைக் கொஞ்சம் நீட்டிச் சமாளிக்கலாம். பெரிய ஃப்ரேமின் பாரை இறக்க வழியில்லை. எது எடுத்தாலும், விலை பேசுவதற்கு முன்னால் பத்து நிமிடம் வெளியே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். நின்று கிளம்புங்கள், சட்டென்று நிறுத்துங்கள், குறுகிய இடத்தில் வட்டமடியுங்கள். ஓட்டிப் பார்க்கவிடாத கடையில் வாங்க வேண்டியதில்லை.

என் 19 அங்குல வண்டியைப் பாம்பனில் ஒரு நண்பர் வாங்கிக்கொண்டார். அவர் உயரம் 183, உள்கால் 85. வண்டியை ஒப்படைத்த அன்று அவர் வீட்டு வாசலில் வைத்தே சீட் கம்பியை உருவினோம். பத்து செ.மீ. ஏற்ற வேண்டியிருந்தது. எல்லைக்கோடு உள்ளேயே இருந்தது. அவர் ஏறி உட்கார்ந்து மீன் இறங்குதளம்வரை போய்த் திரும்பி வந்தார், முழங்கை மடங்கியிருந்தது.